ஒலிக்குப் பயந்த பியானோ மேதை

உலகம் போற்றிய பியானோ மேதை ஒருவர் இருந்தார். அவர் பெயர் செர்கே ராக்மானினாவ். ருஷியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் மறைந்தவர்.

அவர் காலத்திலேயே கிராமபோன் வந்துவிட்டது. ரேடியோ வந்துவிட்டது. மைக்கும் வந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டாலே அரங்கம் நிரம்பிவிடும்.

ஆனால், ஒரு பெரிய வாத்திய கோஷ்டியுடன் சேர்ந்து, ரசிகர்கள் முன்னிலையில் அவர் வாசித்த கச்சேரியின் ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை!

யாரும் பதிவு செய்ய முன்வரவில்லையா? அப்படி இல்லை. அவர்தான் சம்மதிக்கவில்லை.

அது கர்வத்தால் அல்ல. பணத்தாசையாலும் அல்ல. ஒலி கெட்டுப்போகும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

தலைசாய்ந்த குடும்பம்

ராக்மானினாவ் 1873-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, ருஷியாவில் நாவ்கொராட் வட்டாரத்தில் பிறந்தார். நிலபுலன்கள் உள்ள பெரிய குடும்பம். தாயார் சீதனமாகக் கொண்டுவந்த பண்ணைகளும் இருந்தன.

தகப்பனாரோ ஊதாரி. பண்ணைகளை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்தார். பையனுக்கு 9 வயது ஆனபோது கடைசிப் பண்ணையும் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு சிறு வீட்டில் குடியேறியது.

அங்கே துன்பம் தொடர்ந்தது. தொண்டை அடைப்பான் நோயில் சகோதரி ஒருத்தி இறந்தாள். தாயும் தந்தையும் பிரிந்தார்கள். தந்தை வீட்டைவிட்டே போய்விட்டார்.

பையனுக்கு ஆறுதலாக இருந்தவர் பாட்டி. அவர் பேரனை மாதா கோயில்களுக்கு அழைத்துக்கொண்டு போவார். நாவ்கொராட் நகரில் புனித சோபியா கோயில் இருக்கிறது. மிகப் பழமையான கோயில். அதன் பெரிய மணிகள் எழுப்பிய நான்கு சுரங்கள் பையன் காதில் ஏறின. சாகும்வரை அந்த நான்கு சுரங்களும் இறங்கவே இல்லை.

மணி என்பது வெட்டவெளிக்கென்றே செய்யப்பட்டது. கோபுரத்தில் அடித்தால் வயல் தாண்டி, ஆறு தாண்டிக் கேட்கும். பியானோ அப்படி அல்ல. அது கூடத்துக்குள் வாசிக்கும் வாத்தியம். நம் ஊர் நாதஸ்வரத்துக்கும் வீணைக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளலாம். வெளியில் ஒலிக்கும் மணியின் நாதத்தை உள்ளே இருக்கும் பியானோவில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ராக்மானினாவ் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். அவருடைய உருப்படிகள் பலவற்றில் மணி ஓசை கேட்கும். 1913-ல் மணிகள் என்ற பெயரிலேயே ஒரு பெரிய உருப்படி எழுதினார்.

காலை 6 மணிப் பயிற்சி

பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கலாசாலையில் பையன் சரியாகப் படிக்கவில்லை. பரீட்சையில் தோற்றான். தாயார் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்.

உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் பெயர் அலெக்சாந்தர் சிலோத்தி. அவரும் பியானோ வித்வான். மாஸ்கோவில் ஸ்வெரெவ் என்ற கண்டிப்பான ஆசிரியர் இருக்கிறார், அவரிடம் அனுப்புங்கள் என்பது அவர் யோசனை.

12 வயதில் பையன் மாஸ்கோ போனான். ஸ்வெரெவ் தம் வீட்டிலேயே சில மாணவர்களை வைத்துக்கொண்டு வளர்த்தார். சாப்பாட்டுக்கும் காசு வாங்கமாட்டார், படிப்புக்கும் வாங்கமாட்டார். ஆனால் கண்டிப்பு பயங்கரம். காலை 6 மணிக்குப் பியானோ முன் உட்கார்ந்துவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் தவறினால் தொலைந்தது!

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் பெரிய பெரிய சங்கீத வித்வான்கள் வருவார்கள். ருஷிய இசைமேதை சைக்காவ்ஸ்கியும் வருவார். அவர் முன்னால் சிறுவர்கள் வாசித்துக் காட்டுவார்கள்.

19 வயதில், 1892-ம் ஆண்டு, ராக்மானினாவ் மாஸ்கோ கலாசாலையில் பெரிய தங்கப் பதக்கத்துடன் தேறினார். நல்ல உயரம். நீண்ட கைகள். சாதாரண வித்வான்கள் எட்டிப் பிடிக்க முடியாத கட்டைகளை அவர் விரல்கள் சுலபமாகப் பிடித்துவிடும்.

மாடிப்படியில் ஒளிந்தார்

1897-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பேரிடி விழுந்தது.

ராக்மானினாவ் தம்முடைய முதல் சிம்பொனியை எழுதி முடித்திருந்தார். சிம்பொனி என்றால் ஒரு முழு வாத்திய கோஷ்டி வாசிக்கும் நீண்ட உருப்படி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றம். கிளாசுனாவ் என்ற பெயர் பெற்ற வித்வான் கோஷ்டியை நடத்தினார்.

ஒத்திகை போதவில்லை. வாத்தியங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. இளைஞர் ராக்மானினாவ் அரங்கத்தின் படிக்கட்டில் ஒளிந்துகொண்டு, காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாராம். விமர்சகர்கள் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதியது கெட்ட சங்கீதம் அல்ல. அந்தச் சிம்பொனியை அவர் ஆயுளில் மறுபடி யாரும் வாசிக்கவில்லை. அவர் இறந்த பிறகு, வாத்தியக்காரர்களின் ஏடுகள் லெனின்கிராடு நகரில் கண்டுபிடிக்கப்பட்டன. 1945-ல் மாஸ்கோவில் அதை வாசித்தார்கள். எல்லோரும் கொண்டாடினார்கள்!

சங்கீதம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் காதுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் பழி எழுதியவன் தலையில்தான். இந்தப் பாடத்தை 24 வயதுக்குள் அவர் படித்துவிட்டார்.

அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பேனாவைத் தொட்டால் ஒன்றும் வராது. நாள் முழுவதும் படுத்தே கிடந்தார். உறவினர்கள் அவரை டால் என்ற டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். 1900-ம் ஆண்டு அது. டாக்டர் டால் மனோவசிய முறையில் வைத்தியம் செய்பவர். சங்கீதத்திலும் பிரியம் உள்ளவர். அவர் தினந்தோறும் ராக்மானினாவை உட்காரவைத்து, நீ எழுதுவாய், நன்றாக எழுதுவாய் என்ற நம்பிக்கையை அவர் மனதில் ஏற்றினார்.

பலித்தது. அடுத்த ஆண்டில் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ அரங்கேறியது. அதை அவர் அந்த டாக்டருக்கே சமர்ப்பணம் செய்தார்.

கன்செர்ட்டோ என்றால் என்ன?

ஒரு பக்கம் ஒற்றைப் பியானோ. மறுபக்கம் 70, 80 வாத்தியங்கள் கொண்ட கோஷ்டி. இரண்டும் பேசிக்கொள்வது போலவும், சண்டை பிடிப்பது போலவும், பிறகு சேர்ந்து பாடுவது போலவும் அமைந்த உருப்படிதான் கன்செர்ட்டோ. சுமார் அரைமணி நேரம் நடக்கும்.

இரண்டாவது கன்செர்ட்டோ தொடங்கும்போது கோஷ்டி மௌனமாக இருக்கும். பியானோ மட்டும் தூரத்து மணி போல மெல்ல ஒலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் ஓசை பெருகும். பெருகிப் பெருகி மேலே வந்த பிறகு வயலின்கள் அலை போல எழும்பும்.

இதில்தான் சிக்கல். மெல்லிய ஓசைக்கும் பெரிய ஓசைக்கும் நடுவே இருக்கும் அந்த ஏற்றம்தான் இந்தச் சங்கீதத்தின் உயிர். மெல்லியது கேட்காமல் போனாலும் கெட்டது. பெரியது இரைச்சலாக நசுங்கினாலும் கெட்டது. ஒலிப்பதிவு யந்திரங்கள் வெகுகாலம் தடுமாறிய இடமும் இதுவே.

நாடு விட்டு நாடு

1902-ல் ராக்மானினாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி நடாலியா, உறவுக்காரப் பெண். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இவானவ்கா என்ற கிராமத்துப் பண்ணையில் உட்கார்ந்து நிறைய எழுதினார். 1909-ல் முதன்முறையாக அமெரிக்கா போனார். மூன்றாவது கன்செர்ட்டோவை நியூயார்க்கில் அரங்கேற்றினார். அது மகா கடினமான உருப்படி. கப்பல் பயணத்தில், ஓசையே வராத ஒரு பொம்மைப் பியானோவை வைத்துக்கொண்டு பழகினாராம்!

1917-ல் ருஷியாவில் புரட்சி. டிசம்பர் மாதக் குளிரில் மனைவி, குழந்தைகளுடன் நாட்டை விட்டுப் புறப்பட்டார். பின்லாந்து வழியாகச் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். எல்லையைத் திறந்த சறுக்கு வண்டியில் கடந்தார்கள். பண்ணையும் சொத்தும் போயின. அவர் திரும்பி வரவே இல்லை.

44 வயதில் பிழைப்புக்கு வழி தேட வேண்டியதாயிற்று. அதுவரை முதலில் எழுதுபவர், பிறகு வாசிப்பவர். இனிமேல் வாசிப்பதே தொழில். 1918-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் இறங்கினார். ஊர் ஊராகக் கச்சேரி. வெளிநாட்டில் கழித்த 25 ஆண்டுகளில் அவர் எழுதி முடித்த பெரிய உருப்படிகள் ஆறே ஆறு.

எடிசன் கம்பெனியில் நடந்தது

அமெரிக்காவில் இசைத்தட்டுக் கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன. முதலில் எடிசன் கம்பெனி. மின்சார விளக்குக்குப் பெயர் பெற்ற அதே எடிசன்தான். 1919-ல் ராக்மானினாவ் அங்கே வாசித்தார்.

அக்காலத்தில் மைக் வைத்துப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. ஒரு பெரிய தகரக் குழல் இருக்கும். அதன் வாய்க்கு நேரே வாசிக்க வேண்டும். ஓசையின் அதிர்வு குழல் வழியாகப் போய், ஓர் ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய ஓசை ஊசியை அசைக்காது. அடித்தொனி பதியாது. பியானோவின் நாதம் தகர டப்பாவில் தட்டியது போலக் கேட்கும். முழு வாத்திய கோஷ்டியைக் குழலுக்கு முன் நெருக்கி உட்காரவைப்பார்கள். அடித்தொனி வாத்தியங்களின் ஓசை போதாமல், அவற்றுக்குப் பதிலாக ஊதுவாத்தியங்களை வைத்த காலமும் உண்டு.

ஒவ்வொரு உருப்படியையும் ராக்மானினாவ் இரண்டு மூன்று தடவை வாசித்தார். எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் வெளியிட வேண்டும் என்பது அவர் விருப்பம். கம்பெனி அவர் சம்மதிக்காத வாசிப்புகளையும் தட்டாக வெளியிட்டுவிட்டது.

அவருக்குக் கோபம் பொங்கியது. அடுத்த ஆண்டே விக்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் தட்டு வெளிவரும். பிடிக்காததை அழித்துவிட வேண்டும்.

1925-க்குப் பிறகு மைக் வந்தது. ஒலி நன்றாகத் துலங்கியது. 1929-ம் ஆண்டு ஏப்ரலில், பிலடெல்பியா நகரத்து வாத்திய கோஷ்டியுடன் இரண்டாவது கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார். கோஷ்டியை நடத்தியவர் ஸ்டொகாவ்ஸ்கி. அவர் ஒலிப்பதிவில் பித்துக் கொண்டவர். மைக்கை எங்கே வைப்பது, வயலின்காரர்களை எங்கே உட்காரவைப்பது என்று ஓயாமல் சோதித்துப் பார்ப்பவர். ராக்மானினாவும் அவரும் சேர்ந்தது நம் அதிர்ஷ்டம்.

அந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. ஆகவே அரைமணி நேர உருப்படியைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள். கேட்பவரும் நடுநடுவே எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இத்தனை இடைஞ்சலிலும் அந்தப் பதிவு இன்றும் ஜீவனோடு இருக்கிறது.

1934-ல் அவர் எழுதிய பகானினி ராப்சடியும் அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தட்டில் ஏறியது. காம்டன் என்ற ஊரில் ஒரு பழைய மாதா கோயில் கட்டடத்தில் அந்தப் பதிவு நடந்தது. அதைக் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது. கோயில் கட்டடத்தை எதற்குத் தேடினார்கள் என்றால், உயர்ந்த கூரையும் சுவரும் ஓசையைத் திருப்பி அனுப்பும் அழகுக்காகத்தான்.

ரேடியோவுக்குத் தடை

தட்டுக்குச் சம்மதித்தவர் ரேடியோவுக்குச் சம்மதிக்கவில்லை.

தட்டு சரியில்லை என்றால் அழித்துவிடலாம். ரேடியோவில் போனது போனதுதான். தவிர, அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியில் வரும் ஓசை நல்ல சங்கீதத்துக்குப் போதாது என்பது அவர் அபிப்பிராயம். சொகுசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கேட்பது சங்கீதமே அல்ல என்றும் நினைத்தார். அவர் கச்சேரி நடக்கும் அரங்கத்தில் ஒலிபரப்பு மைக்குக்கு இடம் இல்லை.

ஒலிபரப்பு இல்லை என்றால் கச்சேரிப் பதிவும் இல்லை. அந்நாளில் பெரிய கச்சேரிகள் பதிவாகி இன்றுவரை தங்கியது பெரும்பாலும் ரேடியோக்காரர்களின் தயவால்தான். மற்ற வித்வான்களுடைய கச்சேரிகள் அப்படித்தான் பிழைத்தன.

மலைச்சரிவில் கச்சேரி

1942-ம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. ராக்மானினாவுக்கு வயது 69. முதுகுவலி, களைப்பு. சொந்த நாட்டில் ஜெர்மன் படைகள். தம் கச்சேரி வசூலைக் காயம்பட்ட ருஷியப் போர்வீரர்களின் உதவிக்குக் கொடுத்தார்.

அந்தக் கோடையில் கலிபோர்னியாவில், பெவர்லி ஹில்ஸ் என்ற இடத்தில் தங்கினார். பக்கத்தில் ஹாலிவுட். அங்கே மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. இயற்கையாகவே கிண்ணம் போல் இருக்கும். அதனால் அதற்கு ஹாலிவுட் போல், அதாவது ஹாலிவுட் கிண்ணம், என்று பெயர். 1922 முதல் அங்கே கோடைக் கச்சேரிகள் நடக்கின்றன. சரிவு முழுவதும் பெஞ்சுகள். 17 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மேலே ஆகாயம்தான் கூரை.

மேடைக்குப் பின்னால் மட்டும் சிப்பி போன்ற ஒரு வெள்ளைக் கூடு. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அரைவட்ட வளைவுகள். 1929-ல் கட்டிய அந்தக் கூடு 2003 வரை நின்றது. பிறகு புதிதாகக் கட்டினார்கள்.

கூடு எதற்கு? அரங்கத்துக்குள் வாசித்தால் ஓசை சுவரில் மோதித் திரும்பும். கூரையில் மோதித் திரும்பும். நேரே வரும் ஓசையும், திரும்பி வரும் ஓசையும் காதில் ஒன்றாகச் சேரும். அதனால்தான் நாதம் நிறைந்து கேட்கிறது. நல்ல அரங்கத்தில் கை எடுத்த பிறகும் நாதம் இரண்டு விநாடி மிதக்கும்.

வெட்டவெளியில் மோதுவதற்குச் சுவர் ஏது? ஓசை போனால் போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் ஓசையின் அழுத்தம் பாதியாகக் குறையும். பின்பக்கம் போகும் ஓசையையாவது வீணாக்காமல் முன்பக்கம் தள்ளத்தான் அந்தச் சிப்பிக் கூடு.

பதிவு செய்கிறவனுக்கு இன்னும் சங்கடம். மைக்கைப் பியானோவுக்குப் பக்கத்தில் வைத்தால், சுத்தியல் கம்பியில் அடிக்கும் சத்தம்வரை கேட்கும். கோஷ்டி எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போல இருக்கும். மைக்கைத் தள்ளி வைத்தால் காற்று, பூச்சிகள், இருமல், மேலே பறக்கும் விமானம் எல்லாம் நுழைந்துவிடும். மைக்கின் மேல் காற்று பட்டாலே கடகடவென்று இடி இடிக்கும். சாயங்காலக் குளிரில் பியானோவின் சுருதி வேறு நகரும். ஆகவே கன்செர்ட்டோவைத் திறந்த வெளியில் பதிவு செய்வது இன்றைக்கும் எளிதான வேலை அல்ல. இப்போது ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் தனித்தனி மைக் வைத்து, பிறகு கலந்து, அரங்கத்தின் முழக்கத்தையும் யந்திரத்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். அன்று அந்த வசதி கிடையாது.

1942 ஜூலை 17, 18 தேதிகளில் ராக்மானினாவ் அந்தக் கிண்ணத்தில் வாசித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாத்திய கோஷ்டி. கோஷ்டியை நடத்தியவர் பாகலெய்னிகாவ், அவரும் ருஷியாவில் பிறந்தவர். உருப்படி, டாக்டர் டாலுக்குச் சமர்ப்பணம் செய்த அதே இரண்டாவது கன்செர்ட்டோ.

மணி போல ஒலிக்கும் அந்தத் தொடக்கம், மலைச்சரிவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? 1929-ல் தட்டில் வாசித்ததைவிட நிதானமாக வாசித்தாரா? வேகமாக வாசித்தாரா? துண்டு துண்டாக நிறுத்தாமல், ஒரே மூச்சில் வாசித்தபோது எங்கே இழுத்தார், எங்கே விட்டார்? தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அதே கோடையில் இன்னொரு நஷ்டம். விளாடிமிர் ஹாரவிட்ஸ் என்ற இளைய பியானோ வித்வான் பக்கத்திலேயே இருந்தார். அவரும் ருஷியாவை விட்டு வந்தவர். 1928-ல் நியூயார்க்கில் இருவரும் சந்தித்த நாள் முதல் சிநேகம். ராக்மானினாவ் வீட்டில் இரண்டு பியானோக்களை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். வீட்டுக்கு வந்த சிலர் கேட்டார்கள். அதுவும் பதிவாகவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஹாரவிட்ஸ் அதே மலைக்கிண்ணத்தில் மூன்றாவது கன்செர்ட்டோவை வாசித்தார். ராக்மானினாவ் ரசிகர்களோடு உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் மேடைக்கே ஏறிப் போனார். இந்த உருப்படியை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று தாம் கனவு கண்டதாக எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாராட்டினார். சிரிக்காத மனிதர், புகழ்ச்சியில் சிக்கனக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர்!

மூடிய கதவு

அந்த ஆகஸ்டு 1-ந் தேதி முதல் அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. தட்டுகளால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்பது அவர்கள் குறை. விக்டர் கம்பெனியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிவு நின்றது.

அந்தப் பிப்ரவரியில் ஹாலிவுட்டில் சில சின்ன உருப்படிகளை ராக்மானினாவ் தட்டில் வாசித்திருந்தார். அவையே கடைசி.

1943-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, நாக்ஸ்வில் என்ற ஊரில் கடைசிக் கச்சேரி. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்தார். அன்று வாசித்தவற்றில் ஷோபானின் சவ ஊர்வல இசை அடங்கிய உருப்படியும் ஒன்று. புற்றுநோய் உடல் முழுவதும் பரவியிருந்தது. மார்ச் 28-ந் தேதி பெவர்லி ஹில்ஸில் காலமானார். 70 வயது நிறைய நான்கு நாட்கள்தான் இருந்தன. நியூயார்க் அருகே அடக்கம் செய்தார்கள்.

பிறகு வந்த தட்டுகள்

எட்டு ஆண்டுகள் கழித்து, 1950 ஆகஸ்டு 31-ந் தேதி, ஹாரவிட்ஸ் மறுபடியும் அந்த மலைக்கிண்ணத்தில் மூன்றாவது கன்செர்ட்டோவை வாசித்தார். கோஷ்டியை நடத்தியவர் கூசெவிட்ஸ்கி. ராக்மானினாவின் உருப்படிகளை அந்தக் காலத்தில் அச்சிட்டவரே அவர்தான். இந்தத் தடவை பதிவு நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அது வெளியே வந்தது.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே ஹாரவிட்ஸ், அதே உருப்படியை நியூயார்க் கார்னகி மண்டபத்தில், ரசிகர்கள் இல்லாமல், விக்டர் கம்பெனிக்காக வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். ஒலி என்று பார்த்தால் போட்டியே இல்லை. மண்டபத் தட்டு துலக்கமானது. மலைக்கிண்ணப் பதிவு மங்கலானது. ஆனால் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் முன்னால் உட்கார்ந்த மனிதனின் துணிச்சல் அந்த மங்கலிலும் தெரிகிறது. மங்கலைத்தான் விரும்பிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராக்மானினாவ் செய்தது சரியா? 1919-ல் தகரக் குழலைக் கண்டு பயந்தது நியாயம். எடிசன் கம்பெனி செய்ததும் மறக்கக் கூடியது அல்ல. ஆனால் 1940-க்குப் பிறகும் ஒரு மைக்கைக்கூட அனுமதிக்காதது பிடிவாதம்தான் என்று எனக்குப் படுகிறது. கெட்ட ஒலியைச் சகித்துக்கொண்டு கேட்கப் பிற்காலத்தார் தயாராக இருப்பார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் நடந்த பதிவு ஒன்று உண்டு. 1940-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, பிலடெல்பியாவில், சிம்பொனி நடனங்கள் என்ற தம்முடைய கடைசிப் பெரிய உருப்படியைக் கோஷ்டித் தலைவர் ஆர்மாண்டிக்குப் பியானோவில் விளக்கிக் காட்டினார். எந்த இடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத்தான் வாசித்தார். ஆர்மாண்டி சத்தமில்லாமல் அதைப் பதிவு செய்துவைத்தார். அந்தத் தட்டு வெகுகாலம் பெட்டிக்குள் கிடந்தது. 2018-ல்தான் உலகம் கேட்டது.

அதில் அவர் வரிசையாக வாசிக்கவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறார். கூடவே வாய்விட்டுப் பாடுகிறார். கூடத்தில் வாசித்த தட்டுகளில் இருக்கும் அந்த இறுக்கம் இதில் இல்லை. விரல்கள் கட்டவிழ்ந்து ஓடுகின்றன.

அவர் வாசிப்பைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் 1929 தட்டிலிருந்து தொடங்கலாம். ஊசி கீறும் இரைச்சலுக்குக் காது பழக இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு 1940 பதிவைக் கேட்டால் வித்தியாசம் சட்டென்று விளங்கும்.